அண்ணாவின் படத்துக்கு விழுந்த மாலை

படம் எடுக்க வந்தவர்களுக்கு எங்கள் வீடு பிடித்துப்போனதற்குக் காரணம் அதன் அழகு இல்லை. துறைமுகத்து உப்புக்காற்றில் சுண்ணாம்பு உரிந்த சுவரையும் கால் ஆடும் கதிரையையும் பார்த்துவிட்டு, "செட் போட்டாக்கூட இப்படி வராது மேடம்" என்றார் சென்னையிலிருந்து வந்த மேலாளர். எங்கள் இல்லாமைக்கு இப்படியொரு மரியாதை கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அவருடைய கம்பனி முதலில் சினிமா எடுத்ததாம். பிறகு தொலைக்காட்சி நாடகங்களில் இறங்கி, இப்போது சொந்தமாக ஒரு செயலி வைத்து இணையத்தில் தொடர் விடுகிறதாம். காணாமற்போன மகனைத் தேடும் தாயின் கதை. மகனாக நடிக்க ஆள் வேண்டாம், விறாந்தைச் சுவரில் தொங்கும் அண்ணாவின் படமே போதும் என்றார்கள். அம்மா உடனே சம்மதித்துவிட்டார். உலகம் முழுக்கப் பார்க்கிற தொடர் என்றால், அண்ணாவை எங்காவது கண்ட ஒருவராவது பார்க்கமாட்டாரா என்பது அவருடைய எண்ணம்.

சண்டைக் காலத்தில், அக்கரையிலிருக்கும் கிண்ணியாவுக்குப் போய்வருகிறேன் என்று படகுத்துறைக்குப் போன அண்ணா திரும்பவில்லை. அந்தத் துறையில் இப்போது பாலமும் வந்துவிட்டது. அம்மா அவருடைய படத்துக்கு மாலை போட்டதில்லை, விளக்கு வைத்ததில்லை. அதெல்லாம் செத்தவர்களுக்கு. வெள்ளிக்கிழமைகளில் ஈரத்துணியால் துடைப்பார், அவ்வளவுதான்.

"படத்தில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது தம்பி" என்று மேலாளரிடம் சொன்னார்.

"சத்தியமா தொடமாட்டோம்மா."

படப்பிடிப்பு முடியும்வரை யாரும் தொடவும் இல்லை.

தொடர் வெளியான கிழமை, கனடாவிலிருந்து சின்னம்மாவின் மகன் அழைத்தான். அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று வழக்கம்போலச் சத்தமாக வைத்தேன்.

"அக்கா, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. அண்ணாவுக்கு எப்ப காரியம் செய்தனீங்கள்?"

"ஆர் சொன்னது செய்ததெண்டு?"

"படத்துக்கு மாலை போட்டு விளக்கும் வைச்சிருக்கு. இஞ்ச எல்லாரும் பார்த்திட்டினம்."

அம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டார். நான் தொடரைத் திறந்தேன். முதல் காட்சியிலேயே எங்கள் சுவரில் அண்ணா செவ்வந்தி மாலையோடு இருந்தார். படத்தடியில் சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலாளரை அழைத்தேன்.

"நாங்க தொடவே இல்லையே மேடம். மாலை கம்ப்யூட்டர்ல போட்டது. பையன் இறந்துட்டான்னு பார்க்கிறவங்களுக்கு முதல்லயே தெரியணும். எப்படி இறந்தாங்கிறதுதான் கதை."

சொன்ன சொல் தவறாத மனிதர்! வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்று பின்னேரம் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மிச்சத்தையும் போடு பிள்ளை."

எல்லாப் பாகங்களையும் பார்த்தோம். அந்தத் தாய் வாசல் வாசலாக அலைகிறாள். கடைசியில் ஒருவன் வந்து, உன் மகனுக்கு என்ன நடந்ததென்று எனக்குத் தெரியும் என்கிறான். அதோடு முடிந்துவிட்டது. மீதி அடுத்த சீசனிலாம்.

"மாலை போட்டவங்களுக்கு, அவனுக்கு என்ன நடந்ததெண்டும் தெரிஞ்சிருக்கும்தானே" என்றார் அம்மா.

"அது கதை அம்மா. வெறுங்கதை."

அவர் காதில் அது ஏறவில்லை. வாசல் கேற் சத்தம் கேட்டால் முன்பெல்லாம் எட்டிப் பார்ப்பவர், இப்போது என் போனைப் பார்த்தார். மிச்சம் வந்துவிட்டதா என்று மாதக்கணக்காகக் கேட்டார். பொறுக்க முடியாமல் மறுபடியும் மேலாளரை அழைத்தேன்.

"ரெண்டாவது சீசன் வராது மேடம். ஆளுங்க பார்க்கலை. கம்பெனி இப்ப சமையல் போட்டி பக்கம் போயிட்டாங்க."

அன்று வெள்ளிக்கிழமை. அம்மா ஈரத்துணியோடு படத்தின் முன்னால் நின்றார். இனித் தொடர் வராது, முடிவை அவர்கள் எடுக்கவே இல்லை என்று சொன்னேன்.

"அப்ப அவங்களுக்கும் தெரியாதோ?"

அம்மா படத்தைத் துடைக்காமல், துணியைப் பிழிந்து கொடியில் காயப்போட்டார்.