அந்த டாக்டர் மேல் எனக்குப் பொறாமை

என் மகளை இன்னொரு பெண்மணி சிரிக்க வைத்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

போன வாரம்தான். காலேஜ் ஹாஸ்டலிலிருந்து வந்தவள் அடிவயிறு வலிக்கிறது என்றாள். பதினெட்டு வயது. அவிநாசி ரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அவளுடைய வலியை நான் விவரிக்க ஆரம்பித்ததுமே லேடி டாக்டர் கையமர்த்தினார்.

"நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா. நான் பாப்பாகிட்டத் தனியாப் பேசிக்கறனுங்க."

வெளியவா? பெற்றவளையா?

கதவு சாத்தியாயிற்று. கொஞ்ச நேரத்தில் உள்ளே சிரிப்பு… என் மகளின் சிரிப்பு! வீட்டில் "சாப்பிட்டயா கண்ணு?" என்றால் "ம்" – அத்தோடு சரி.

வெளியே வந்தவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஸ்கிரீனிங் எடுக்கோணும்னாங்கம்மா. உடலுறவு மூலமாத் தொத்தற நோய் ஏதாச்சும் இருக்குதான்னு பாக்க. சரின்னுட்டேன்."

அந்த நேரம் பார்த்துக் கணவரின் போன். ஸ்கிரீனிங்குக்கு வந்திருக்கிறோம் என்று உளறிவிட்டேன்.

"ஸ்கிரீனிங்கா? பிரின்டிங் யூனிட்ல உனக்கென்ன வேலை?"

பனியனில் படம் அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரின்டிங்கைத் தவிர வேறு ஸ்கிரீன் அவருக்குத் தெரியாது. "அப்புறம் பேசறனுங்க" என்று வைத்துவிட்டேன்.

ரத்தம், சிறுநீர் எல்லாம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினோம். யார்? எப்போது? ஏன் என்னிடம் சொல்லவில்லை? எல்லாம் தொண்டை வரை வந்தது. கேட்டால் திரும்பவும் "ம்" ஆகிவிடுவாளே! வாயிலிருந்து வந்தது வேறு.

"அந்தம்மா அப்படி என்ன சொல்லி உன்னைச் சிரிக்க வெச்சாங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "இதானுங்களா உங்க கவலை?"

"சொல்லு."

"அவங்க ஒண்ணும் சொல்லலீங்கம்மா. நாந்தான்… எங்கம்மா இந்நேரம் கதவுல காதை வெச்சுட்டு நிப்பாங்கன்னு சொன்னேன்."

"வெச்சேன். ஒரு எழவும் கேக்கலை."

சிரித்தாள். அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தவள், பாதியில் அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ரிசல்ட் வந்தது; தொற்று இருந்தது. மாத்திரை சாப்பிடுகிறாள், குணமாகிவிடும் என்றார் டாக்டர். நல்லவர்தான். ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

இவ்வளவுதான் எழுத எனக்கு மகளின் அனுமதி. மீதி? டாக்டருக்குத் தெரியும். இப்போது எனக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது!