மெத்தை விளம்பரத்தில் ஒரு ‘ம்க்கும்’

கண்ணாடிக் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் இருந்த அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கத்தரி என்றால்தான் தெரியும். பதினாறு வருடமாக அவர் செய்வது ஒரே வேலை. பாடகர்கள் பாடிவிட்டுப் போவார்கள். அவர் வெட்டி ஒட்டிச் சரி செய்வார். பாடிய ஒவ்வொரு ஸ்வரமும் கம்ப்யூட்டர் திரையில் சின்னக் கட்டையாகத் தெரியும். கொஞ்சம் கீழே தொங்கினால் மவுஸால் பிடித்து மேலே தூக்கி வைப்பார். தாமதமாக வந்த கட்டையைப் பிடரியில் கை வைத்துத் தள்ளுவது மாதிரி முன்னால் நகர்த்துவார். மறுநாள் பாடகர் வந்து கேட்டுவிட்டு, “நேத்து குரல் நல்லா ஒத்துழைச்சுதுல்ல?” என்பார். “பிரமாதமா ஒத்துழைச்சுது சார்” என்பார் கத்தரி. முகத்தில் ஒரு சுருக்கம் விழாது.

காது அப்படிப்பட்ட காது. கீழே லிஃப்ட் மணி அடித்தால், “இந்த வாரம் சுருதி அரை இழை இறங்கியிருக்கு” என்பார். ஆனால் அதே காதுக்கு வீட்டில் வேறு சட்டம். பக்கத்து அறையிலிருந்து மனைவி நாலு தடவை கூப்பிட்டாலும் கேட்காது. ஐந்தாவது தடவை கூப்பிடும் குரலில் சுதி ஏறியிருக்கும்; அது மட்டும் கேட்கும்.

மனைவி ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தார். ஊசி குத்துவது தெரியாமல் ரத்தம் எடுப்பதில் பெயர் வாங்கியவர். வீட்டில் மட்டும் எல்லாம் தெரிகிற மாதிரிதான் குத்துவார்.

கத்தரியின் சட்டைப் பையில் எப்போதும் தீப்பெட்டி அளவு ரெக்கார்டர் ஒன்று இருக்கும். எந்தச் சத்தம் எப்போது உதவுமோ என்று பிடித்து வைத்துக்கொள்வார். ஒரு நாள் காலையில் ஃபிரிட்ஜின் உறுமல் வேண்டும் என்று அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஓடவிட்டார். அந்த நேரம் பார்த்து மனைவி ஈரக் கையோடு வந்து நின்றார்.

“வாஷிங் மெஷின் ரிப்பேர்காரருக்கு போன் பண்ணீங்களா?”

“ம்.”

“பண்ணீங்களா, பண்ணப் போறீங்களா?”

“ம்.”

அதற்குப் பிறகு நாலு நிமிஷம் மனைவிதான் பேசினார்; நடுநடுவே இன்னும் மூன்று ‘ம்’ மட்டும் கத்தரியுடையது. மூன்று நாளாக ஊறும் துணி, ஒரே இடத்தில் வெறித்துப் பார்க்கும் கண், கல்யாணமான புதிதில் இருந்த சுறுசுறுப்பு என்று எதையும் விடவில்லை. கடைசியில் கையிலிருந்த எவர்சில்வர் தட்டைத் தொட்டியில் ‘டங்’ என்று போட்டார். போட்ட கையோடு ஒரு “ம்க்கும்” சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கத்தரிக்கு ஃபிரிட்ஜ் சத்தம் கெட்டுப் போனதில்தான் வருத்தம்.

அன்று கூடத்தில் ஒரு மெத்தைக் கம்பெனி விளம்பரத்துக்கு இசை. இசையமைப்பாளருக்குப் பிடிவாதம். “இதுவரைக்கும் எவன் காதுலயும் விழாத அடி ஒண்ணு வேணும்யா” என்றார். கத்தரி கைவசம் இருந்த முந்நூறு தாளச் சத்தங்களையும் போட்டுக் காட்டினார். எல்லாமே கேட்டுக் கேட்டுப் புளித்தது என்று உதட்டைப் பிதுக்கினார் மனிதர். வேறு வழியில்லாமல் கத்தரி பையைத் துழாவி, காலைப் பதிவை ஹெட்போனில் கேட்டார். பேச்சையெல்லாம் தாண்டி அந்த ‘டங்’ வந்தது. முன்னும் பின்னும் நறுக்கினார். இரண்டு ஸ்வரம் கீழே இறக்கினார். லேசாக எதிரொலி சேர்த்தார். ஒலிபெருக்கியில் விட்டதும் இசையமைப்பாளர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“இது எங்கய்யா புடிச்ச?”

“வீட்லதான் சார். தட்டு.”

“பின்னாடி ஏதோ வருதே, அது என்ன?”

கத்தரி வெட்டியது ஒரு நூல் தள்ளிப் போய்விட்டது. தட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு அந்த “ம்க்கும்” தொங்கிக்கொண்டிருந்தது. “அது வேணாம் சார், எடுத்துடறேன்” என்றார் அவசரமாக.

“எடுத்தேன்னா பாரு. அதுதான்யா உயிரே. ஊர்ல எவனும் சரியா தூங்கலன்னு ஒரே வார்த்தைல சொல்லுது.”

நாலு தாளத்துக்கு ஒரு தடவை, முப்பது விநாடிக்குள் எட்டு ம்க்கும். விளம்பரம் அடுத்த வாரமே டிவியில் வந்துவிட்டது. மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று கத்தரி தினமும் நினைத்தார். நினைத்ததோடு சரி.

பரிசோதனைக் கூடத்துக்கு வெளியே நோயாளிகள் உட்காரும் இடத்தில் ஒரு டிவி உண்டு. மனைவி ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அது டங், ம்க்கும் என்றது. கூட வேலை செய்யும் பெண் திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா, நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் எதுவும் சொல்லலியே.”

டிவி மறுபடியும் ம்க்கும் என்றது. இரண்டு பேரும் டிவியைப் பார்த்தார்கள். அந்தப் பெரியவரும் பார்த்துவிட்டு, “அம்மா, அது உங்க குரல்தான். போன மாசம் நான் வெறும் வயித்துல வராதப்ப இப்படித்தான் சொன்னீங்க” என்றார்.

சாயந்திரம் கத்தரி செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி மேசையைக் காட்டினார். “உக்காருங்க. அந்த ரெக்கார்டர எடுங்க. முழுசா போடுங்க.”

கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர் பையிலிருந்து எடுத்துப் போட்டார். மனைவி கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். பாதியில் அவருக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். முடிந்ததும் சொன்னார்:

“என் பேச்சையெல்லாம் வெட்டி எறிஞ்சிடுங்க. உங்க பதில மட்டும் ஒண்ணா ஒட்டிப் போடுங்க, கேப்போம்.”

கத்தரி லேப்டாப்பைத் திறந்து வெட்டி ஒட்டினார். நாலு நிமிஷப் பதிவில் அவர் பங்கு நாலு விநாடி வந்தது. ம், ம், ம், ம், ம். திரையில் ஐந்து கட்டைகளும் ஒரே கோட்டில் வரிசையாக நின்றன.

“பாத்தியா, அஞ்சும் ஒரே சுருதில நிக்குது” என்றார், தொழில் பெருமை தாங்காமல்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அடுத்த நொடியே புரிந்தது. மனைவி அவரையே பார்த்தார். ரிப்பேர்காரருக்கு அப்போதே போன் போனது.

விவகாரம் அதோடு முடியவில்லை. மெத்தைக் கம்பெனிக்கு ம்க்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. இன்னும் ஆறு விளம்பரம், ஆறுக்கும் வேறு வேறு ம்க்கும் வேண்டும் என்றார்கள். இசையமைப்பாளர் தானே போன் செய்து, “தப்புதாங்க, கேக்காம போட்டுட்டோம். இப்ப கேக்கறேன், ஒரு தடவ வந்து பாடிக் குடுங்க” என்றார். ‘பாடி’ என்ற வார்த்தையில் மனைவி கொஞ்சம் இளகினார். சனிக்கிழமை மதியம் நல்ல புடவை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

மைக்குக்கு முன்னால் நின்றதும் அந்த ம்க்கும் வரவில்லை. மிக மரியாதையாக, விருந்தாளியிடம் சொல்வது போல, “ம்... க்கும்” என்றார். இருபத்திரண்டு தடவை எடுத்தார்கள். ஒன்றில்கூடக் காரம் இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தரி பேசும் பட்டனை அழுத்திக்கொண்டு பாடம் நடத்த ஆரம்பித்தார்.

“முதல் ‘ம்’ கீழ இருந்து வரணும். ‘க்கும்’ல மூக்கு வேணும். ரொம்ப சுலபம், இப்ப நான் பண்றேன் பாரு. ம்க்கும். உனக்கு ஏன் வரமாட்டேங்குது?”

மனைவி ஹெட்போனை மெதுவாகக் கழற்றினார். கண்ணாடி வழியாகப் புருஷனை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார்.

“ம்க்கும்.”

கூடமே நிமிர்ந்தது. “அதான்யா” என்று இசையமைப்பாளர் மேசையைத் தட்டினார். “எடுத்துட்டியா?”

கத்தரி அசடு வழிந்தார். பாடம் நடத்தும் மும்முரத்தில் பதிவை நிறுத்தி வைத்திருந்தார். அந்த ம்க்கும் காற்றோடு போயிற்று. எவ்வளவு கெஞ்சியும் மறுபடி வரவில்லை.

கடைசியில் பழைய ஒன்றை வைத்துத்தான் ஆறு செய்ய வேண்டியிருந்தது. மனைவி வீட்டுக்குப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கத்தரி ஒரு கட்டையை மேலே தூக்கினார்.

“இது கோவம் இல்ல, இது பொறாமை. எறக்குங்க.”

இறக்கி, நீட்டினார்.

“இது சலிப்பு. நல்லா இருக்கு, வச்சுக்கோங்க. அந்தக் கடைசிய மட்டும் டக்குன்னு வெட்டுங்க. வெட்டினாத்தான் ‘நீ என்ன சொல்றது’ன்னு வரும்.”

பதினாறு வருடத்தில் எந்தப் பாடகரும் அவருக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. தன் மனைவிக்குள் ஆறு வகை ம்க்கும் இருந்தது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை நாளும் எல்லாவற்றையும் ஒன்று என்று எண்ணி ஒரே ‘ம்’மில் பதில் சொல்லி வந்திருக்கிறோமே என்று உள்ளுக்குள் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஆறாவதை முடித்தபோது, “இது எது?” என்று அவரே கேட்டார்.

“இது சும்மா. கோவம் எதுவும் இல்லாம, பழக்கத்துல வர்றது” என்றார் மனைவி. கத்தரி அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு நிபந்தனை. கேட்காமல் ரெக்கார்டரைப் பையிலிருந்து எடுக்கக்கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் மனைவி காய்ந்த போர்வையை உதறினார். பெரிய பறவை ஒன்று கிளம்பினாற்போல அருமையான சத்தம். கத்தரி பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கி, “இன்னொரு தடவ ஒதறு, எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டார்.

மனைவி போர்வையை அவர் தோளில் போட்டார். “இருங்க, தலைய வாரிட்டு வரேன்” என்று கீழே இறங்கிப் போனார்.