லைட்டாகக் கலந்து கொடுத்தேன்

2011-ம் வருஷம், வைகாசி மாசம். மயிலம் மலையடிவாரத்தில் ஒரு மண்டபத்தில் எங்கள் சொந்தத்துக் கல்யாணம். அன்று பகலில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால், அப்போது நான் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் விழுப்புரம். குயிலாப்பாளையத்தைத் தாண்டிக் கடற்கரையை ஒட்டி இருந்த ஒரு விடுதியில், பார் கவுண்ட்டரில் நின்று சரக்கு கலந்து கொடுக்கிற வேலை. அங்கே வருகிற வெள்ளைக்காரர்களில் பாதிப் பேருக்கு உடம்பைப் பற்றிக் கவலை. குடிக்கவும் வேண்டும், தொப்பையும் விழக்கூடாது. கோலா ஊற்றாதே, பாகு ஊற்றாதே என்பார்கள். அவர்களுக்காகவே சிலதைக் கற்றுக்கொண்டேன். வோட்கா முப்பது மில்லி, அரை எலுமிச்சம்பழம், கசக்கிய புதினா, தட்டின இஞ்சி, சீவின வெள்ளரிக்காய், மேலே வெறும் சோடா, நிறைய ஐஸ். டம்ளர் நிறைந்திருக்கும், கலோரி குறைவாக இருக்கும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

என் அக்காவைத் திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாமா பத்திரம் எழுதுகிறவர். மயிலம் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கொல்லைக்குக் கிழக்கே யார் நிலம், மேற்கே எந்த வாய்க்கால் என்று காகிதத்தைப் பார்க்காமலே சொல்வார். முப்பது வருஷத்துக்கு முந்தின பாகப்பிரிவினையைக்கூட ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்வார். அவரைத் தேடி வந்தவர்கள் அதற்காகத்தான் வந்தார்கள். நாள் பூராவும் நாற்காலி, சாயங்காலமானால் பிராந்தியும் கோலாவும், தொட்டுக்கொள்ள மிக்சர். நாற்பத்தாறு வயசில் எடை நூறைத் தாண்டிவிட்டது. சர்க்கரையும் வந்துவிட்டது.

டாக்டர் ரெண்டு விஷயம் சொன்னாராம். எடையைக் குறைங்க, குடியை விடுங்க. மாமா முதல் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மச்சான், வெள்ளக்காரங்க குடிச்சிக்கினே எளைச்சி இருக்காங்களே, அவங்களுக்கு நீ இன்னாதான் ஊத்திக் குடுக்கற?"

அன்றைக்கே அவர் வீட்டில் வைத்துக் கலந்து காட்டினேன். அவர் சாயங்காலம் குடிக்கும் பிராந்தி, கோலா, மிக்சர் எல்லாம் சேர்ந்தால் ஒரு முழுச் சாப்பாட்டுக்குச் சமம் என்று விளக்கினேன். அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "இது உடம்ப ஒண்ணும் பண்ணாதாடா?" என்று கேட்டாள். "இது சும்மா லெமன் சோடா மாதிரிக்கா" என்றேன். அவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். மாத்திரை பாட்டுக்கு மாத்திரை, இது பாட்டுக்கு இது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாசத்தில் மாமா எட்டு கிலோ குறைந்தார். பேண்ட்டைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தார். பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்க, எல்லாரிடமும் என்னைத்தான் காட்டினார். எப்படிக் குறைந்தது என்று நான் கேட்கவே இல்லை. ராத்திரி சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் என் டம்ளரை வைத்துக்கொண்டார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. லைட்டான சரக்குதானே என்று ஒன்று மூன்றாகியிருந்தது.

கல்யாணத்தன்று முகூர்த்தம் முடிந்ததும் மாமாவும் இன்னும் ரெண்டு பேரும் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார்ந்தார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். வேண்டிய சாமானெல்லாம் மாமாவே பையில் கொண்டு வந்திருந்தார். காலையில் டிபன் சாப்பிடவில்லை, காபியோடு சரி. மாத்திரை மட்டும் தவறாமல் போட்டிருந்தார். நான் கலந்து கொடுத்தேன். மூன்று டம்ளர் குடித்தார்.

அக்கா வந்து, "எல போட்டாச்சி, ஒரு வாய் சாப்ட்டுப் போங்க" என்றாள். மூலப்பத்திரம் காட்ட ஒரு பார்ட்டி திண்டிவனத்தில் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்ததால் மாமா கிளம்பும் அவசரத்தில் இருந்தார். "பாயசம், வடை, அப்பளம்னு ஒக்காந்தா இன்னிக்கி கணக்கு எகிறிடும்" என்றார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள், நான் எடுத்துச் சொல்வேன் என்று. "உடுக்கா, டயட்ல கீறவர எதுக்கு தொந்தரவு பண்ற" என்று சிரித்தேன். மாமா என் தோளில் தட்டிவிட்டுப் போய் பஸ் ஏறினார்.

பன்னிரண்டு மணி வாக்கில் நான் பந்தியில் இருந்தபோது மாமாவின் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசினது வேறு ஆள். திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறாராம்.

"இந்த போன் வச்சினு இருந்தவரு பஸ் எறங்கி நடக்க முடியாம ஒக்காந்துட்டாருங்க. ஒரே வேர்வ. இன்னாமோ ஒளர்றாரு. கடைசியா ஒங்க நம்பர் இருந்திச்சி, அதான் அடிச்சேன். ஆம்புலன்சுக்குச் சொல்லட்டுங்களா?"

"வாசன வருதுங்களா?" என்று கேட்டேன்.

"வருதுங்க."

"அப்ப போதைங்க. கல்யாணத்துல குடிச்சாரு. கொஞ்சம் நெழல்ல படுக்க வைங்க, தெளிஞ்சதும் அவரே வூட்டுக்குப் போய்டுவாரு."

அவர் சரிங்க என்று வைத்துவிட்டார். குரலில் இருந்த கவலை போய், ஒரு சலிப்பு வந்துவிட்டதை நானே கேட்டேன். மூன்று டம்ளர் லைட் சரக்குக்கு மாமா நடக்க முடியாமல் விழுகிற ஆளா என்று மனசில் ஒரு கேள்வி வந்து போனது. ரசம் ஊற்றினார்கள். நான் சாப்பிட்டேன்.

ரெண்டரை மணிக்கு மறுபடியும் போன். இப்போது ஒரு அம்மாவின் குரல். பஸ் நிற்கிற இடத்தில் அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம், அதை விற்கிறவர்.

"யாருப்பா நீ, இவருக்கு இன்னா வேணும்? இது போத இல்லப்பா. சக்கர எறங்கிடுச்சி. எங்கூட்டுக்காரருக்கு ரெண்டு தபா இப்டித்தான் ஆச்சி. ஒடம்பு ஜில்லுனு கீது, கூப்ட்டா கண்ணத் தொறக்கல. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன். நீ ஜல்தியா வா."

கடைக்காரர் அவரைப் படுக்க வைத்துவிட்டு, குடிகாரர், தெளிஞ்சா எழுந்து போவாரு என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். நான் சொன்னதைத்தானே அவர் சொன்னார். ரெண்டரை மணி நேரம் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் தாண்டிப் போயிருக்கிறார்கள். வேறு இடத்தில் விற்றுவிட்டு மத்தியானம் கூடையோடு வந்த அந்த அம்மாதான் கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். டீக்கடையிலிருந்து சர்க்கரை வாங்கிக் கன்னத்துக்குள்ளே தேய்த்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

நானும் அக்காவும் ஒருத்தரின் பைக்கில் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாமாவுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. வந்தபோது மெஷினில் நம்பரே வரவில்லை, அவ்வளவு கீழே போயிருந்தது என்றார் நர்ஸ். டாக்டர் கேட்டதெல்லாம் மூன்று கேள்விதான். என்ன மாத்திரை, கடைசியாக எப்போது சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார். முதல் ரெண்டுக்கு அக்கா பதில் சொன்னாள். மூன்றாவதற்கு நான் சொன்னேன். அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை இப்படித்தான் அடியோடு இறங்கும் என்று டாக்டர் சொன்னார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றைக்கே விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நாலு நாள் மாமா கண் திறக்கவில்லை. மூன்றாவது நாள் அந்த மல்லாட்டைக்கார அம்மா பஸ் பிடித்துப் பார்க்க வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்: "கடைக்காரன் மின்னயே போன் பண்ணானாம்மா. எடுத்தவரு போததான், படுக்க வையின்னுட்டாராம். இல்லாங்காட்டி அப்பவே தூக்கினு வந்திருப்பாங்க."

அக்கா என் பக்கம் திரும்பினாள். அன்றைக்கு மாமாவின் போனிலிருந்து அழைப்பு வந்தது என் நம்பருக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரைக்கும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவள் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், என் பிள்ளைக்குக் காது குத்தியபோது வந்து நின்றிருக்கிறாள். ஆனால் ஒரு விஷயத்துக்கும் "நீ இன்னாடா சொல்ற" என்று என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

மாமா பிழைத்தார். நடக்கிறார், சாப்பிடுகிறார், ஆளை அடையாளம் தெரிகிறது. ஆனால் ரொம்ப நேரம் சர்க்கரை இறங்கியே இருந்ததில் மூளை பாதித்துவிட்டது என்றார்கள். பேச்சு நடுவில் நின்றுவிடும். நேற்று நடந்தது இன்று இருக்காது. ஆறு மாசம் கழித்து மறுபடியும் எழுத உட்கார்ந்தார். முகையூரிலிருந்து பழைய பழக்கத்தில் வந்த ஒருவருக்குப் பத்திரம் எழுதும்போது கிழக்கு எல்லையை மேற்கிலும் மேற்கை வடக்கிலும் எழுதியிருந்தார். வந்தவர் படித்துவிட்டு, மெதுவாக, "சார், இது எங்க நெலம் இல்லீங்களே" என்றார். மாமா அந்தக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அதற்கப்புறம் எழுதப் போகவில்லை. அக்கா இப்போது ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள்.

ஒரு வருஷம் கழித்து, தாங்க முடியாமல், மாமாவிடம் தனியாக உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "அன்னிக்கி போன்ல ஒங்கள படுக்க வைக்கச் சொன்னது நாந்தான் மாமா."

அவர் யோசித்தார். "வெயில்லயா?"

"இல்ல மாமா. நெழல்ல."

"அப்ப சரி" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் போனபோது அவருக்கு அது ஞாபகமே இல்லை. நான் சொன்னதும் இல்லை, அவர் மன்னித்ததும் இல்லை. அதற்குப் பிறகு இன்னும் ரெண்டு தடவை சொல்லியிருக்கிறேன். ரெண்டு தடவையும் புதிதாகக் கேட்பது போலத்தான் கேட்டார். அப்புறம் நிறுத்திக்கொண்டேன். அது என் பாரத்தை இறக்கி வைக்கத்தான் என்று எனக்கே புரிந்துவிட்டது.

நான் வேலையை விடவில்லை, விட்டால் வேறு தெரியாது. யாராவது சர்க்கரை இல்லாமல் லைட்டாகக் கேட்டால், சாப்பிட்டீர்களா, மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா என்று கேட்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். முதலாளியிடம் புகார்கூடப் போயிருக்கிறது. ஒரு டம்ளரில் என்னென்ன எவ்வளவு சேர்கிறது என்று எனக்கு அத்துப்படி. ஆனால் ஒரு மனுஷனைப் போதை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அவன் கையை யாரும் தொட்டுப் பார்க்க மாட்டார்கள் என்பதை, என் வாயால் அதைச் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.