வீரம்மாள் பொறுக்கிய நத்தைகள்

வீரம்மாக்காவைப் பத்திக் கேட்டா எங்க காலேஜுல எல்லாரும் "ஐயோ பாவம், சக்கரை"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சுடுவாங்க. கேக்கறப்ப எனக்குப் பத்திக்கினு வரும். மனுசிக்கு வேற கதையே இல்லியா?

மயிலம் பக்கத்துல பொறந்தவங்க. பத்து வயசுலேர்ந்து அடுத்தவங்க கொல்லையில களை எடுத்து, நாத்து நட்டு, மல்லாட்டைக் கடலை ஆஞ்சு வளர்ந்தாங்க. புருசன் செத்த அப்புறம் திண்டிவனத்துல நான் லேப் அட்டெண்டரா இருக்கற காலேஜுக்குப் பெருக்க வந்தாங்க. ஒருநாள் லேப்பைப் பெருக்கிக்கினே மேஜை மேல இருந்த தட்டை எட்டிப் பார்த்து, "சார், இந்த மண்ணு நடக்குதே!"ன்னாங்க. விலங்கியல் புரொபசர் நெடுஞ்செழியன் சார் லென்ஸ் வெச்சுப் பார்த்தாரு. மண்ணு இல்ல, நத்தை. கேப்பையில பாதிகூட இருக்காது. கடல்பாசியிலயே பொறந்து, பாசியையே மேஞ்சு, அங்கயே சாவற ஜீவன். அதைத்தான் அவரு ஒரு வருசமா தேடிக்கினு இருந்தாராம். அம்மாம் படிச்ச மனுசன் கண்ணுல படல, துடைப்பத்தோட நின்ன எங்கக்கா கண்ணுல பட்டுது.

ஆராய்ச்சிக்கு நத்தை பொறுக்கற வேலையை அக்காவுக்கே குடுத்து, "நீங்க இங்க உக்காருங்கம்மா"ன்னு சார் தன் எதிர்லயே நாற்காலி போட்டாரு. அக்கா ரெண்டு நாள் நின்னுக்கினேதான் பொறுக்கினாங்க. மூணாம் நாள் நான் தோளைப் புடிச்சு அமுக்கி உக்கார வெச்சேன். "அம்பது வயசு வரைக்கும் குனிஞ்சே வேலை செஞ்சவ ரோஜா. படிச்சவங்க எதிர்ல உக்காந்து செய்யறது இதான் மொத தடவை"ன்னு சொல்லி அழுதுட்டாங்க. நானும்தான் அழுதேன்.

மாசம் ஒரு தரம் நாங்க மூணு பேரும் பொம்மையார்பாளையம் கடக்கரைக்குப் போவோம். கல்லு கொட்டியிருக்கற எடத்துல ஒரு கைப் பாசி அரிஞ்சு, கடல் தண்ணியோட பக்கெட்டுல எடுத்தாருவோம். பாசியை உதறினா நத்தையும் மண்ணும் கலந்து அடியில தங்கும். அதைத் தட்டுல ஊத்தி, ஈர பிரஷ்ஷால நத்தையை மட்டும் தொட்டுத் தொட்டுச் சின்ன பாட்டில்ல போடணும். மத்தவங்களுக்கு லென்ஸ் இல்லாம முடியாது. அக்கா பேசிக்கினே பொறுக்குவாங்க. ஒரு மண்ணு தப்பி வராது. ஆறு வருசம் அப்படித்தான் போச்சு.

போன மாசி மாசம் அக்கா வெச்ச பாட்டிலை எடுத்துப் பார்க்கறேன், பாதிக்குப் பாதி மண்ணு.

"இன்னாக்கா இது?"

அக்கா மூஞ்சி செத்துப் போச்சு. "கண்ணு மங்கலா இருக்குது ரோஜா. சாருகிட்ட சொல்லிடாதம்மா. சொன்னா மறுபடியும் துடைப்பம்தான். இந்த எடம் போயிடும்."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க."

"போனா லீவு கேக்கணும், எதுக்குன்னு கேப்பாரு. தானா சரியாயிடும், வுடு."

நான் இன்னா பண்ணியிருக்கணும்? கையைப் புடிச்சு இழுத்துக்கினு போயிருக்கணும். நானோ பெரிய புத்திசாலியாட்டம், மத்தியானம் சார் சாப்பிடப் போற நேரத்துல லென்ஸை வெச்சுக்கினு பாட்டிலைத் திருத்தினேன். மண்ணை எடுத்துட்டு, அக்கா விட்ட நத்தையைப் போட்டேன். நாலு மாசம். "வீரம்மா கண்ணே கண்ணு"ன்னு சார் சொல்றப்பல்லாம் நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சுக்குவோம். அவங்களுக்கு ஒத்தாசை பண்றதா நெனைச்சுக்கினு இருந்தேன், பாவி.

ஆனியில எனக்குக் காய்ச்சல். மூணு நாள் லீவு. அந்தத் தடவை பாட்டில் நேரா சார் கைக்குப் போச்சு. நத்தை ஒண்ணுகூட இல்ல, அத்தனையும் மண்ணு. சார் பதறிப்போய் எதிர்ல நின்னு, "இது எத்தினி விரல்?"னு கேட்டிருக்காரு. அக்கா சுவரைப் பார்த்துக்கினு, "மூணு"ன்னிருக்காங்க. அவரு கையையே நீட்டல.

அன்னைக்கே புதுச்சேரியில ஒரு கண் ஆஸ்பத்திரியில சேர்த்தாரு. கேள்விப்பட்டு நான் காய்ச்சலோடயே ஓடினேன். "சக்கரை உள்ள இருக்கற ரத்தக்குழாயை எல்லாம் கெடுத்துடுச்சு. இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்ல. நாலு மாசம் முன்னாடி கூட்டியாந்திருந்தா பார்வையைக் காப்பாத்தியிருக்கலாம்"னாரு டாக்டர். மாசியிலேர்ந்து விரல் விட்டு எண்ணினேன், சரியா நாலு.

சார் தலையில அடிச்சுக்கினாரு. "போன மாசம்கூட ஒரு மண்ணு இல்லாம பொறுக்கினாங்களே! எதிர்லயே உக்காந்துக்கினு கவனிக்காம விட்டுட்டேனே. ரோஜா, உனக்காவது ஏதாவது தெரியுமாம்மா?"

சொல்லிடலாம்னுதான் வாயைத் திறந்தேன்.

அதுக்குள்ள கட்டில்லேர்ந்து அக்கா, எங்க பேச்சு வந்த பக்கமாத் தலையைத் திருப்பினாங்க. "அவளை ஏன் சார் கேக்கறீங்க? அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. போன மாசம் வரைக்கும் எனக்குப் பளிச்சுனுதான் தெரிஞ்சுது."

சார் நம்பிட்டாரு. நான் திறந்த வாயை மூடி, அக்கா கையைப் புடிச்சுக்கினேன்.