அப்பா ஏறிய சைடுகாரும் பன்னிரண்டு கிலோ கல்லும்

அப்பாவின் முதலாண்டு நினைவு வழிபாட்டுக்காக மலையேறி வந்திருக்கும் உறவுகளே, நண்பர்களே! வாசலில் நிற்கும் மூன்று சக்கர வண்டியைப் பார்த்து "இதென்ன கூத்து?" என்று பாதிப் பேராவது கேட்டிருப்பீர்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல எனக்குப் பொறுமை போதாது. அதனால் இந்த நினைவு மலரில் எழுதியே விடுகிறேன்.

அப்பா ஏற்காட்டு மலையில், நாகலூர் காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். சேலத்திலிருந்து பிழைக்க வந்த தாத்தா காலமானபோது அப்பாவுக்குப் பதினோரு வயது. பள்ளியை விட்டுவிட்டுத் தங்கையோடு காப்பிப் பழம் பறிக்கப் போனார். அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே கூடை. மனக்கணக்கு மின்னல் மாதிரி வந்ததால், பின்னாளில் பறித்த பழத்துக்கு எடை போட்டுக் கணக்கெழுதும் ரைட்டரானார். நனைந்த பழத்தில் ஈரத்துக்கென்று கழித்து எழுதச் சொன்ன மேஸ்திரியிடம், "தராசு முள்ளு காட்டறதத்தானுங்க எழுதுவேன். வேற எழுதோணும்னா வேற ஆளப் பாத்துக்குங்க" என்றவர். அப்பாவின் குணத்தைச் சொல்ல இது ஒன்றே போதும்.

கடைசி ஆண்டில் நோய் முதலில் அவரது கால்களின் பலத்தை எடுத்துக்கொண்டது. பைக்கில் பின்னால் கால் போட்டு உட்கார முடியாது. மூடிய காரிலோ, இரண்டு வளைவு தாண்டுவதற்குள் குமட்டல். அதே சமயத்தில் மலையின் இன்னொரு ஊரான செம்மநத்தத்தில் அத்தை, அதாவது அந்த ஒரே கூடைத் தங்கை, இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். இருவரும் தினமும் போனில் பேசிக்கொண்டார்கள். "ஒருக்கா நேர்ல பாத்துட்டாப் போதுஞ் சாமி" என்று அப்பா என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்த மகளுக்கு அது போதாதா? எஸ்டேட்டின் பழைய பங்களாக் கொட்டகையில் ஒரு சைடுகார், பைக்கின் பக்கவாட்டில் மாட்டும் ஒற்றைச் சக்கரத் தொட்டி, கிடந்தது நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்துத் துரை யாரோ விட்டுப் போனது. கோழி அதற்குள் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. கேட்டவுடன் கொடுத்தார்கள், கோழியை மட்டும் வைத்துக்கொண்டு.

ஏற்காடு ஒர்க்‌ஷாப் அண்ணன் அதையும் என் புது பைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, இது நேத்துப் பொறந்தது, அது தாத்தன் காலத்துப் பொட்டி. ரெண்டுக்கும் சம்பந்தம் பேச நாந்தானா கெடச்சேன்?"

சம்பந்தம் எளிதாக முடியவில்லை. பழைய பைக்குகளில் இன்ஜினுக்கு அடியில் இரும்புக் குழாய் ஓடும், அதைப் பிடித்து மாட்டிவிடலாம். என் பைக்கில் அங்கே ஒன்றுமே இல்லை. ஆகவே அடியில் தனியாக ஓர் இரும்புச் சட்டம் செய்து, அதோடு சைடுகாரை நான்கு இடங்களில் இறுக்கினோம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி அனுமதி எழுதி வாங்கிய கதைக்குத் தனி மலரே வேண்டும்.

ஆள் இல்லாமல் ஓட்டினால் இடது வளைவில், இடப்பக்கம் மாட்டிய சைடுகாரின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். அதனால் அப்பாவுக்குப் பதிலாக ஐம்பது கிலோ காப்பி மூட்டை ஒன்றை உட்காரவைத்து ஒரு வாரம் ஓட்டிப் பழகினேன். எந்த வளைவிலும் வண்டி கல் மாதிரி ஊன்றி நின்றது.

புறப்பட்ட நாளில் அப்பா மப்ளர் சுற்றி, ராஜா மாதிரி ஏறி உட்கார்ந்தார். எடை போடும் கொட்டகையைத் தாண்டியதும் முதல் இடது வளைவு. சக்கரம் ஒரு சாண் மேலே எழும்பியது! ஹேண்டில் என் பேச்சைக் கேட்கவில்லை. வண்டி சாலையின் வலது ஓரத்துக்கே போய்விட்டது. அப்பா விளிம்பைப் பிடித்து இடப்பக்கம் முழுதாகச் சாய்ந்தார். சக்கரம் இறங்கியது. நின்றோம். நல்ல வேளை, எதிரே பஸ் வரவில்லை.

"எத்தன கிலோ வெச்சு ஓட்டிப் பாத்த சாமி?"

"அம்பதுங்கப்பா."

"நா அம்பது இருக்கறேன்னு ஆரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் எடை பார்த்த சீட்டையெல்லாம் அம்மா மடித்துச் சுருக்குப்பையில் போட்டுவிடுவார். அவர் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு கம்பியையும் மில்லிமீட்டரில் அளந்தவள், அப்பாவை மட்டும் பழைய எடையிலேயே வைத்திருந்தேன்.

வண்டியை எடைக் கொட்டகைக்குத் திருப்பச் சொன்னார். சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்த அம்மா குறுக்கே நின்றார். "வேண்டாமுங்க. எடையெல்லாம் எதுக்குங்க இப்ப?"

"இத்தன வருசம் இந்தத் தராசுகிட்டப் பொய் சொன்னதில்ல புள்ள. இப்ப நானே சொல்லட்டுமா?"

தராசு மேடையில் உட்காரவைத்தோம். முள் முப்பத்தெட்டில் நின்றது. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மூட்டையே என்னையவிடத் தாட்டியா இருந்திருக்குது!" அம்மா அந்த வருடத்தில் முதல்முறையாக எங்கள் முன்னால் அழுதார், அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சீட்டுகள் எதுவும் மடிக்கப்படவில்லை. எது வலிக்கிறது, என்ன வேண்டும் என்று அப்பா சொன்னார், நாங்கள் கேட்டோம்.

பன்னிரண்டு கிலோ கல்லை எடை போட்டுச் சாக்கில் கட்டி, அப்பாவே இருக்கைக்கு அடியில் வைக்கச் சொன்னார். அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு, எதிலும் சக்கரம் எழவில்லை. செம்மநத்தத்தில் அத்தையைக் கட்டிலோடு வாசலுக்குத் தூக்கி வந்திருந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, சாமி ஊர்வலமாட்டத் தொட்டில வாரீங்க?"

"கூடையிலதானே ஆரம்பிச்சோம்? நீயும் ஏறு, போலாம்."

இரண்டு மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டே பேசினார்கள். திரும்பும் வழியெல்லாம் அப்பா, "பாத்துட்டேன் சாமி" என்று நாலைந்து தடவை சொன்னார். ஆறு வாரம் கழித்து, எங்கள் எல்லோரிடமும் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்து, அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். இதை எழுதும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். பெரும்பாலும் நிம்மதிதான் வருகிறது.

ஒர்க்‌ஷாப் அண்ணனுக்கும், பங்களாக்காரர்களுக்கும், கட்டிலைத் தூக்கிய செம்மநத்தத்துப் பிள்ளைகளுக்கும், அந்த வளைவில் எதிரே வராத பஸ்ஸுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்தக் கல்மூட்டை இன்னும் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. ஆனால் அது மட்டும் போதாது, வண்டிக்கு ஆள் வேண்டும். உங்களில் நடக்கச் சிரமப்படுகிறவர்கள், பார்க்க வேண்டிய யாரையாவது பார்க்க முடியாமல் இருப்பவர்கள் கூப்பிடுங்கள், வந்து ஏற்றிக்கொள்கிறேன். எடையை மட்டும் உள்ளபடி சொல்லிவிடுங்கள்.