பிரேக்குக்கு அடியில் சாமி பழம்

வெள்ளிக்கிழமை பூசையில் ஐயர் தரும் எலுமிச்சம்பழத்தை என் கணவர் காரின் முன்கண்ணாடி ஓரம் வைப்பார். பழையதை எடுக்க விடமாட்டார். "சாமி பழம்லா, கிடக்கட்டும்" என்பார். வெயிலில் அது காய்ந்து கல்லாகிவிடும்.

அன்று பாயா ரும்புட்டிலிருந்து ஆயர் குரோவுக்கு நான்தான் காரை ஓட்டினேன்; கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வளைவில் பழம் உருண்டு கீழே விழுந்தது. நான் பொருட்படுத்தவில்லை. சிவப்பு விளக்கு விழுந்ததும் பிரேக்கை மிதித்தேன். அது இறங்கவே இல்லை. முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அப்பாவின் பின்னால் உட்கார்ந்திருந்த சிறுமி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். கைபிரேக்கை இழுத்தேன். கார் குலுங்கி, அவள் புத்தகப் பைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவள் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

என் காலடியில் கிடந்த பழத்தைக் கணவர் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்தப் பழம்தான் நம்மள காப்பாத்துச்சு" என்று சொல்லி, அதே இடத்தில் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாப் பழங்களையும் சாமி மேடைக்கு மாற்றினேன். இப்போது கார் முன்பக்கம் எதையும் வைப்பதில்லை. ஆனாலும் வண்டியைக் கிளப்பும் முன் பிரேக்குக்கு அடியில் கையால் துழாவிப் பார்க்கிறேன். அங்கே ஒன்றும் இருப்பதில்லை. நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அப்பால் அந்தச் சிறுமி சிரிக்கிறாள்.