மாதா கெதியாய்த் திரும்பி வந்த வருசம்

முதலே சொல்லிப்போடுகிறன், எனக்கு எழுத்து வடிவாய் வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்ப மறதியும் கூட. முந்தி நடந்ததைப் பிந்தி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கோ. நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க வெக்கப்படுகிற ஆள் நான். கடதாசிக்கு முன்னாலும் அதே வெக்கம்தான் வருகிறது.

நான் இருக்கிறது மொன்றியல் டவுன்ரவுணுக்குக் கீழே, கால்வாய்ப் பக்கமாய் உள்ள ஒரு பழைய தொடர்மாடியில். இங்கிருந்து கோயிலுக்கு நடந்து போகலாம், மெற்றோவுக்கு நடந்து போகலாம். பாணும் பாலும் முடிந்தால் முடக்கில் டெப்பனர் கடை இருக்கிறது. அந்தக் கடைக்காரனுக்கு நான் "பொன்ஷூர்" சொன்னால் போதும், என்ன வேணும் என்று அவனுக்குத் தெரியும். என்ர மகள் நகரத்துக்கு வெளியே, பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கி, கீழ் அறையை எனக்கென்று வெள்ளையடித்து வைத்திருக்கிறா. நல்ல பிள்ளை. ஆனால் அங்கே கார் இல்லாமல் ஒரு இடமும் போகேலாது. அங்கே போனால், பூசைக்கு ஆர் ஏத்துவினம், கடைக்கு ஆர் ஏத்துவினம் என்று சப்பாத்தும் போட்டபடி கதவடியில் குந்திக்கொண்டிருக்கிற ஆளாய்ப் போய்விடுவன். எனக்கு அந்தப் பயம்தான் பெரிது. இதைப் பிள்ளைக்கு நான் சொன்னதில்லை.

எங்கட கட்டிடத்திலும் பக்கத்துக் கட்டிடத்திலும் யாழ்ப்பாணத்து, மன்னார் வேதக்காரர், கத்தோலிக்கர், கனபேர் இருந்தோம். கோயிலில் இருந்து தந்த ஒரு மாதா சுருவம், சின்னச் சிலை, வீடு வீடாய்ப் போகும். ஒரு வீட்டில் ஒரு கிழமை. பின்னேரத்தில் எல்லாரும் கூடிச் செபமாலை சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவோம். அதற்கு இரண்டு ஒழுங்கு உண்டு. மாதா நிற்கிற கிழமை அந்த வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போய்க் கிடக்கக்கூடாது. மற்றது, கிழமை முடிய அடுத்த வீட்டுக்காரர் மெழுகுதிரியோடு வந்து கேட்டுத்தான் கூட்டிக்கொண்டு போகவேணும். நாங்களாய்க் கொண்டுபோய் ஒருவர் வீட்டிலும் விடக்கூடாது. என்னிடம் மாதா வருசத்தில் ஒருமுறைதான் வருவா. அவ்வளவு வீடுகள்.

அரங்குக் கதையை நான் முதல் கேட்டதும் ஒரு செபமாலையில்தான். ரக்சி ஓடுகிற தம்பி ஒருவர் இரண்டாம் மாடியில் இருந்தார். அவர் வீட்டில் அன்றைக்கு மாதா.

"அக்கா, பேஸ்போல் அரங்கு ஒண்டு வரப்போகுதாம். இஞ்சதான், எங்கட பக்கம்."

"அதென்ன விளையாட்டு?" என்று கேட்டா மன்னார்க்காரி. அவ எனக்கு நேர் கீழ்வீடு, என்னோடு நல்ல ஒட்டு.

"கிரிக்கெற் மாதிரித்தான், ஆனா கனநேரம் சும்மா நிப்பினம். முதலாளிமார் கட்டுவினமாம். அரசாங்கமும் பங்குக்குக் காசு போடவேணுமாம். மாகாணமும் நகரசபையும் அவையோட இருந்து பேசுதாம்."

"ஏன், முதலாளிமாரிட்டக் காசில்லையோ?"

"இருக்கிறபடியால்தானே கேக்கினம். நீங்களும் நானும் கேட்டா ஆர் குடுப்பினம்?"

எல்லாரும் சிரித்தோம். செபமாலை முடிய அவரவர் மன்றாட்டைச் சத்தமாய்ச் சொல்லுவது வழக்கம். தம்பி, அரங்கு நல்லபடியாய் வரவேணும், ரக்சிக்கு ஓட்டம் கிடைக்கவேணும் என்று மன்றாடினார். அவர் வாய் மூடமுதல் மன்னார்க்காரி, அரசாங்கம் ஒரு சதமும் குடுக்கக்கூடாது என்று மன்றாடினா.

"அக்கா, மாதாவைக் குழப்பாதேங்கோ."

"முதல் குழப்பினது நீர்."

நான் மனதுக்குள் மட்டும் கேட்டன்: என்னை இந்த வீட்டிலேயே இருக்க விட்டால் போதும் தாயே.

பிறகு அரங்கு கட்டப்போகிறவர்கள் ஊராட்களைக் கூப்பிட்டு மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். தம்பி பக்கத்தில் இருந்து காதுக்குள் தமிழில் சொன்னார். நல்ல கோட்டுப் போட்ட ஒருவர் சுவரில் பெரிய படம் ஒன்றைக் காட்டினார். அரங்கு, மரங்கள், பலூன் பிடித்த பிள்ளைகள். நான் கால்வாயைக் கண்டுபிடித்து, பாலத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எங்கட கட்டிடத்தைத் தேடினன். அது நிற்கிற இடத்தில் புல்லு வளர்த்திருந்தது. புல்லில் ஒரு பெண்ணும் நாயும்.

மன்னார்க்காரியும் அதைத்தான் பார்த்திருக்கிறா. "அக்கா, என்ர குசினிக்குள்ள நாய் நிக்குது, பாத்தனீங்களே?"

ஒரு பிரெஞ்சுக்காரி எழும்பி, இந்த வீடுகள் எங்கே என்று கேட்டா. கோட்டுக்காரர், இது வெறும் படம், ஒன்றும் முடிவாகவில்லை, அரசாங்கத்தின் காசு இல்லாமல் ஒரு கல்லும் வையோம் என்று சிரித்தபடி சொன்னாராம். மன்னார்க்காரி என்ர முழங்கையில் இடித்தா, நீங்களும் கேளுங்கோ என்று. என்ன மொழியில் கேட்கிறது?

அந்த மாரிக் குளிரில், பேச்சு முறிந்துபோனது என்று செய்தியில் சொன்னார்கள். மாகாணம் மாட்டன் என்றதாம். முதலாளிமார் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனார்களாம். மன்னார்க்காரி கடலை வடை சுட்டு மாடி மாடியாய்க் குடுத்தா. ரக்சித் தம்பிக்கும் குடுத்தா, கூடச் சட்னியோடு. "கவலைப்படாதேயும் தம்பி, மாதா பொம்பிளையளின்ர பக்கம்." நானும் மூன்று வடை தின்றன். நல்ல நித்திரை வந்தது.

வடை சுட்ட கொஞ்ச நாளிலேயே கட்டிடக் காவல்காரன் சொன்னான், கட்டிடம் கைமாறிவிட்டது என்று. வாங்கினது ஆர் என்று கேட்டால் அவனுக்கும் தெரியாது. பெயர் இல்லாத கொம்பனியாம். பெயருக்குப் பதிலாய் இலக்கம்தானாம்.

"பேச்சு முறிஞ்சதெண்டா ஏன் தம்பி இதை வாங்கினவை?" என்று ரக்சித் தம்பியிடம் கேட்டன்.

அவர் மெல்லமாய்ச் சொன்னார்: "அக்கா, மீன் வாங்கேக்க விலை படியாட்டி என்ன செய்வியள்?"

"முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பன்."

"வீட்டுக்கே போறனீங்கள்?"

இல்லை, திரும்பக் கூப்பிடுவான் என்று நாலு அடி மெல்ல நடப்பன். ஆயுளுக்கும் மீன் வாங்கின எனக்கு அது விளங்காமல் போனதே என்றிருந்தது. விலை படிந்துவிடும் என்று தெரிந்த ஆள்தானே சட்டியைக் கழுவி வைக்கும்.

அதுக்குப் பிறகு ஒன்றும் பெரிதாய் நடக்கவில்லை. அதுதான் பயம். லிப்ட் நின்றது, திருத்த ஒருவரும் வரவில்லை. நடைபாதையில் செம்மஞ்சள் மையால் கோடும் அம்பும் கீறினார்கள். ஒரு அம்பு எங்கட வாசல்படிக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றது. பனி பெய்து மூடினாலும் உருகினதும் திரும்பத் தெரிந்தது. கொம்பனியின் ஆள் என்று ஒரு இளம் பெடியன் கதவு கதவாய் வந்தான். மரியாதையான பெடியன். கையெழுத்து வைத்துவிட்டுக் கெதியாய்ப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் காசு குடுத்தான்.

முதல் போனது ரக்சித் தம்பி. லாசாலில் வீடு எடுத்தார். சாமான் ஏற்றிய அன்று படியில் என்னைக் கண்டு நின்றார்.

"என்ர மன்றாட்டைத்தான் மாதா கேட்டவபோல கிடக்கு, அக்கா. அரங்கு வரும். ஆனா என்னை இருக்கச் சொல்லி நான் கேக்க மறந்துபோனன்."

சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

பிறகு ஒவ்வொரு வீடாய். ஆர் போனது என்பதை நான் மாதாவை வைத்துத்தான் அறிந்தன். வருசத்தில் ஒருமுறை வந்தவ அந்த மாரிக்குள்ளேயே திரும்பி வந்தா. பனி உருகமுதல் இன்னொருமுறை வந்தா. அவ வருகிறது எனக்கு எப்பவும் சந்தோசம். அப்ப மட்டும், மெழுகுதிரியோடு அவவைக் கூட்டிவரப் போகும்போது, இடையில் இல்லாமல் போன வீடுகளை எண்ணிக்கொண்டு போனன்.

கடைசியில் நானும் மன்னார்க்காரியும்தான். ஒரு கிழமை அவவின் வீடு, மறு கிழமை என்ர வீடு. படியால் ஏற்றுகிறதும் இறக்குகிறதும். செபத்தின் முன்பாதியை அவ சொல்ல, பின்பாதியை நான் சொல்லுவன். நடுவில் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் இடிக்கிற சத்தம் கேட்கும். முந்தி அந்தச் சத்தம் எங்கட சத்தத்துக்குள் கேட்டதில்லை.

அவவின் மகன் கர்க்லாண்டிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போனார். போகிற அன்று மாதா என்ர வீட்டில் நின்றா. மன்னார்க்காரி சுருவத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தா.

"வாற கிழமை ஆரக்கா வந்து கேக்கிறது?"

நான் தேத்தண்ணி போட எழும்பினன்.

இப்ப முன்பாதியும் நான், பின்பாதியும் நான். முதலாளிமாரும் அரசாங்கமும் மீண்டும் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று செய்தியில் சொன்னார்களாம். இந்தமுறை மாகாணம் மாட்டன் என்று சொல்லவில்லையாம். மகள் ரெலிபோன் எடுத்தா.

"அம்மா, சாமானைக் கட்டுங்கோ. ஞாயிறு வாறன்."

"மாதா நிக்கிறா பிள்ளை. பூட்டிப்போட்டு வரேலாது."

"மாதாவையும் கொண்டு வாங்கோவன்."

"அது ஒழுங்கில்லை. ஆராவது வந்து கேக்கவேணும்."

"அம்மா, அங்க ஆர் இருக்கினம் வந்து கேக்க?"

"ஒருத்தரும் கேக்கேல்லைத்தானே. அப்ப நான் நிக்கத்தானே வேணும்."

என்ர வாழ்க்கையில் நான் ஒருவருக்கு மாட்டன் என்று சொன்னதில் அதுதான் நீளமான பேச்சு.

நேற்று அந்தக் கொம்பனிப் பெடியன் திரும்ப வந்தான். அவனோடு இன்னொருவர், மட்டம் பிடிக்கிற கருவியோடு. கேட்டுத்தான் உள்ளே வந்தார்கள், சப்பாத்தையும் கழற்றினார்கள். அறையை அளந்தார்கள், யன்னலைப் படம் எடுத்தார்கள். மாதா வைத்த மேசையைக் கண்டதும் பெடியன் நின்று, மெல்லமாய்ச் சிலுவை போட்டான். பிறகு அதையும் சேர்த்து அளந்தான். போகும்போது "மெர்சி மடாம்" என்றான். நான் மெழுகுதிரியைத் திரும்பக் கொளுத்தினன். கதவு திறந்த காற்றில் அணைந்துபோயிருந்தது.

பிரெஞ்சுச் செய்தி தெரிந்த ஆராவது இதைப் படித்தால், நான் எழுதினதைச் சரிபார்த்துவிடுங்கோ. எல்லாம் மற்ற ஆட்களின் வாயால் கேட்டதுதான். மாகாணம் காசு தர ஓம் என்றுவிட்டதா, பேச ஓம் என்றதா, எனக்கு வடிவாய்த் தெரியாது. கூட்டத்தில் காட்டின படத்தில் புல்லு நின்றது எங்கட கட்டிடத்து இடத்தில்தானா, நான் பாலத்தைப் பிழையாய்ப் பார்த்தேனா என்பதையும் பாருங்கோ. இன்னொன்று. பக்கத்துக் கட்டிடத்தின் பின்பக்கத்து மாடியில் பின்னேரத்தில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. அங்கே எங்கட ஆட்கள் ஆரும் இருக்கினமோ என்று ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ. இருந்தால், மாதா இங்கே நிற்கிறா என்று சொல்லிவிடுங்கோ.